முப்பது வரை எண்ணச் சொன்னவன்

என் யோகா வகுப்பு வாழ்க்கை மொத்தம் ஒன்பது நாள். அதில் ஏழு நாள் தூங்கினேன். இதைச் சொன்னால் எல்லாரும் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்புக்காகவே இத்தனை வருஷமும் கதையை அங்கேயே நிறுத்தி வந்தேன். மிச்சத்தைச் சொன்னால் யாரும் சிரிக்க மாட்டார்கள் என்பது எனக்குத் தெரியும்.

தொண்ணூறுகளின் நடுவில் செம்பாக்கம் ஏரிக்குப் பக்கத்தில் வாடகை வீட்டில் இருந்தோம். எனக்குத் திருமுடிவாக்கத்தில் ஒரு பட்டறையில் ஸ்டோர் கீப்பர் வேலை. மனைவிக்கு வீசிங். குளிர் தொடங்கினால் அவள் நெஞ்சுக்குள் யாரோ பழைய ஹார்மோனியத்தை வைத்து அழுத்துவதுபோல் சத்தம் வரும். தாம்பரத்து டாக்டர், “மாத்திரைய நிறுத்தாதீங்க. கூடவே மூச்சுப் பயிற்சிய முறையா கத்துக்கிட்டுப் பண்ணுங்க” என்றார்.

ஏரிக்கு அந்தப் பக்கம் ஒரு பள்ளிக்கூட வராந்தாவில் விடியற்காலை ஐந்தரைக்கு யோகா வகுப்பு நடந்தது. சொல்லித் தந்தவர் ரயில்வேயில் ஓய்வு பெற்ற ஒரு சார். ஆண்களுக்கு மட்டும்தான் வகுப்பு. பெண்களுக்கும் ஒரு ஏற்பாடு வைத்திருந்தார்: வீட்டுக்காரர் கற்றுக்கொண்டு போய் வீட்டம்மாவுக்குச் சொல்லித் தர வேண்டும். யாருக்கும் அது விசித்திரமாகப் படவில்லை. ரேஷன் மண்ணெண்ணெயைக் கேனில் வாங்கிப் போவதுபோல யோகாவையும் நாங்கள் வீட்டுக்கு வாங்கிப் போனோம். ஒரே வித்தியாசம், மண்ணெண்ணெயில் தண்ணீர் கலந்தால் ஸ்டவ் காட்டிக்கொடுத்துவிடும்.

ஒன்பதாம் நாள் சவாசனத்தில் குறட்டை விட்டேன். சார் குச்சியால் தரையைத் தட்டினார். “சவம் மாதிரி கெடக்கச் சொன்னேன் சார். சவம் குறட்டை விடாது.”

வராந்தாவே சிரித்தது. ஊரைச் சிரிக்க வைப்பவனுக்கு, ஊர் தன்னைப் பார்த்துச் சிரித்தால் தாங்காது. பத்தாம் நாள் அதே ஐந்தேகாலுக்கு எழுந்தேன், அதே வேட்டியைக் கட்டினேன், அதே துண்டைத் தோளில் போட்டேன். கால்கள் மட்டும் ஏரிக்கரை டீக்கடைக்குத் திரும்பிவிட்டன.

“இன்னா சார், யோகாக்கு லேட் ஆவலயா?” என்றார் டீ மாஸ்டர்.

“இதுவும் ஒரு ஆசனம்தான்” என்று பெஞ்சில் உட்கார்ந்து போண்டாவைக் கையில் எடுத்தேன்.

ஆறரைக்கு வீடு திரும்பினால் அவள் பழைய போர்வையை விரித்து, நோட்டும் பேனாவுமாகக் காத்திருப்பாள். “ஏங்க, இன்னைக்கு என்ன சொல்லிக் குடுத்தாரு?”

முதல் சில நாள் தெரிந்த ஆசனங்களை வைத்து ஒப்பேற்றினேன். சரக்கு தீர்ந்ததும் டீக்கடையில் பார்த்ததெல்லாம் ஆசனமாயிற்று. மாஸ்டர் ஒரு கையை மேலே தூக்கி, ஒரு கையைக் கீழே இறக்கி டீயைத் தாரையாக ஆற்றுவது தாராசனம். ஏரிச் சேற்றில் கிடந்த எருமை முன்காலை மடக்கிப் பின்பக்கத்தைத் தூக்கி எழுவது மகிஷாசனம். அவள் ஒவ்வொன்றையும் குச்சி மனிதர்களாக வரைந்து, பெயரெழுதி, கீழே கோடு போட்டாள். பக்கத்து வீட்டு டீச்சர் அக்காவுக்கும் சொல்லிக் கொடுத்தாள். காலை வேளையில் மாதாகோவில் பாட்டை முணுமுணுத்தபடி அந்த அக்கா மகிஷாசனம் போடுவதை மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவருக்கு மேலாக நானே பார்த்திருக்கிறேன். அன்றெல்லாம் எனக்கு உள்ளுக்குள் ஒரே கொண்டாட்டம்.

ஒருநாள் அவள் கேட்டாள்: “மூச்சுப் பயிற்சி எப்பங்க ஆரம்பிப்பாரு? டாக்டர் அதுதானே முக்கியம்னாரு?”

“இன்னைக்குத்தான் ஆரம்பிச்சாரு” என்றேன். யோசிக்கக்கூட இல்லை. “நல்லா இழுத்து, அப்படியே அடக்கி, முப்பது எண்ணணும்.”

ஏன் முப்பது? வாயில் வந்தது முப்பது.

சில நாள் கழித்து, “பதினெட்டுக்கு மேல முடியலைங்க” என்றாள்.

“போகப் போக வரும். விடாம பண்ணு” என்றேன். குருவின் குரல் எனக்கு அவ்வளவு சுலபமாக வந்தது.

மார்கழியில் ஒரு காலை, போண்டாவைச் சட்னியில் தோய்க்கும் நேரம், டீச்சர் அக்கா மூச்சிரைக்க வந்து நின்றார். “இங்கயா சார் இருக்கீங்க? ஸ்கூல் வரைக்கும் ஓடிட்டு வரேன். நீங்க வந்து ரெண்டு மாசம் ஆச்சுன்றாரு அந்த சார். உங்க வீட்ல அவங்களுக்கு மூச்சு இழுக்குது, வாங்க!”

ஆட்டோவில் தாம்பரம் போகும் வழியெல்லாம் அவள் என் துண்டைப் பிடித்துக்கொண்டிருந்தாள். ஊசி போட்டு, முகத்தில் மாஸ்க் வைத்து, மருந்துப் புகை உள்ளே போய்ச் சத்தம் கொஞ்சம் தணிந்ததும் டாக்டர் விசாரித்தார்.

“மூச்ச அடக்கினீங்களா? வீசிங்குக்கு அது கூடவே கூடாதே. யார் சொன்னது?”

அவள் மாஸ்க்கை லேசாகத் தூக்கினாள். “இவரு சரியாத்தான் சொன்னாரு டாக்டர். முப்பது. எனக்குத்தான் பதினெட்டுக்கு மேல வரல.”

என் சட்டையில் காயாமல் இருந்த சட்னிக் கறையை டீச்சர் அக்கா பார்த்தார். வெளியே வந்ததும், “நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா சார்?” என்றார்.

அதற்கும் இரண்டு நாள் எடுத்துக்கொண்டேன். மூன்றாம் நாள் அவள் போர்வையை எடுத்து விரிக்கப் போனபோதுதான் சொன்னேன்.

கையில் எடுத்த போர்வையை மறுபடி மடித்து வைத்தாள். பிறகு, “அப்ப மகிஷாசனம்?” என்றாள்.

“எருமை.”

“எந்த எருமை?”

“ஏரியில படுத்திருக்குமே, அதுதான்.”

சிரித்துவிட்டாள். சிரிப்பு இருமலாகி, இருமல் இழுப்பாகி, என் கையைத் தட்டிவிட்டுச் சுவரில் சாய்ந்துகொண்டாள். அடங்கியதும், “அந்த முப்பது?” என்றாள்.

“சும்மா... வாயில வந்துச்சு.”

“நீங்க வேலைக்குப் போனப்புறமும் உக்காந்து எண்ணிப் பாத்தேங்க. எனக்குத்தான் ஒடம்புல தெம்பில்லைன்னு நெனச்சிட்டேன்.”

அவள் திட்டியிருக்கலாம். திட்டியிருந்தால் நான் ஏதாவது பதில் ஜோக் அடித்துத் தப்பித்திருப்பேன்.

மறுநாள் ஐந்தரைக்கு வராந்தாவில் போய் நின்றேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு சார், “அஞ்சாம் நாளே சொன்னேனே, வீசிங் இருந்தா அடக்கக் கூடாதுன்னு. நீங்க தூங்கிட்டிருந்தீங்க” என்றார். அடுத்த மாதம் டீச்சர் அக்கா வீட்டு ஹாலில் பெண்களுக்கென்றே சாயங்கால வகுப்பு தொடங்கியது. நான் வாங்கித் தர வேண்டிய அவசியம் இல்லாமல் அவளே போய்க் கற்றுக்கொண்டாள். அடக்கவே வேண்டாமாம், மெதுவாக வெளியே விட்டால் போதுமாம். வீசிங் போய்விடவில்லை. மாத்திரையும் இருந்தது, மார்கழியும் வந்தது. ஆனால் இழுப்பு வரும்போது முன்போல் பயப்படுவதில்லை என்றாள்.

யோகா செய்தால் தன்னைத் தானே அறியலாம் என்று சார் முதல் நாளே சொல்லியிருந்தார். அப்போது விழித்துத்தான் இருந்தேன். அறிந்துகொண்டேன். பார்த்த ஆள் அவ்வளவு சிலாக்கியமில்லை.

இப்போது காலையில் அவள்தான் எனக்குச் சொல்லித் தருகிறாள், அதே நோட்டை வைத்துக்கொண்டு. தாராசனமும் மகிஷாசனமும் அதில் அப்படியே இருக்கின்றன. “எருமை இருக்கட்டும்” என்றாள் ஒருமுறை. முப்பது எழுதியிருந்த தாளை மட்டும் காணோம். எப்போது கிழித்தாள் என்று நான் கேட்டதில்லை.