பைக்குள் விழுந்த பதில்கள்

பஸ் நிலையத்தில் என் தம்பியை எல்லோரும் ‘மைக்’ என்றுதான் கூப்பிடுவார்கள். பத்தொன்பது வருஷம் அங்கே அறிவிப்பாளன். எந்த வண்டி எந்த மேடையில் நிற்கிறது, எது தாமதம், யாருடைய குழந்தை வழி தவறி அலுவலகத்தில் அழுதுகொண்டிருக்கிறது, எல்லாம் அவன் குரலில்தான் வரும். போன வருஷம் தொண்டையில் கட்டி என்று குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். பாழாய்ப்போன நோய்க்கு அவன் உடம்பில் வேறு இடமே கிடைக்கவில்லையா என்று ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று கத்தினேன். நர்ஸ் வந்து என்னை வெளியே போகச் சொன்னாள்.

சிகிச்சையில் விரல் நுனிகளும் மரத்துப்போயின. பேனா பிடித்தால் நழுவும். பேச்சுக்குப் பதிலாக வாங்கிய டேப்லெட்டின் கண்ணாடியில் விரல் எந்த எழுத்தின் மேல் இருக்கிறது என்றே அவனுக்குத் தெரியாது. தண்ணீர் கேட்கப் போனால் கன்னாபின்னாவென்று ஏதோ வரும். அழுத்தினால் அமுங்குகிற பட்டன் வேண்டும். என்னிடம் வயரில்லாத குட்டி கீபோர்டு ஒன்று இருந்தது, ஒரு சாண் நீளம்தான். என் டேப்லெட்டுக்காக நான் வாங்கியது. அதை அவன் டேப்லெட்டோடு இணைத்துக் கொடுத்தேன். இவன் தட்டத் தட்ட டேப்லெட் வாய்விட்டுப் படிக்கும், அதுவும் பெண் குரலில். “மைக்குக்குப் பதிலா இப்ப அவன் சம்சாரம் டூட்டி பாக்குதுடா” என்று டிரைவர்கள் கேலி செய்தார்கள். அவனும் சத்தமில்லாமல் தோள் குலுங்கச் சிரித்தான்.

பிறகுதான் மருத்துவக் குழு முன்னால் வரச்சொல்லி நிர்வாகம் கடிதம் அனுப்பியது. அவனை விசாரணை கவுண்டரில் உட்காரவைக்கலாமா, இல்லை உடல் தகுதி இல்லை என்று வேலையைவிட்டு அனுப்புவதா? இதை மூன்று பேர் பத்து நிமிஷத்தில் முடிவு செய்வார்களாம். பதினைந்து நாள் பயிற்சி எடுத்தோம். நான் அவசரக்காரப் பயணியாக நடிப்பேன். “அடுத்த வண்டி எப்பங்க?” என்றால் நேரம், மேடை, கழிவறை எந்தப் பக்கம் என்பதுவரை சடசடவென்று தட்டிச் சொல்வான். அந்த வேலை போனால் அவன் உயிரோடு இருக்கமாட்டான் என்று பயந்தேன். சோற்றுக்காகச் சொல்லவில்லை. நாள் முழுக்க நாலு பேருக்கு வழி சொல்லியே வாழ்ந்த மனுஷன், வீட்டில் சுவரைப் பார்த்து உட்கார்ந்தால் என்ன ஆவான்?

அன்று காலை அவனுடைய சிகிச்சை விவரத்தைச் சுருக்கமாக அடித்து வைக்கலாம் என்று கீபோர்டை என் டேப்லெட்டோடு இணைத்தேன். அடித்து முடித்ததும் டேப்லெட்டை அணைக்காமல் அப்படியே மூடிப் பையில் போட்டேன். அந்தக் கீபோர்டு ஒரு நேரத்தில் ஒன்றோடுதான் ஒட்டும். கடைசியாக எதோடு ஒட்டியதோ, அடுத்த முறை அதையே தேடிப் போகும். இதை அவனுக்குச் சொல்லிக்கொடுத்தவளே நான்தான். அவசரத்தில் அவனுடையதோடு திரும்ப இணைக்க மறந்துபோனேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

“சொந்தக்காரங்க உள்ள வரக்கூடாதும்மா” என்றார் பியூன். கதவை ஒட்டிய பெஞ்சில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். வாய் சும்மா இருக்குமா? “எந்தம்பி தட்டுற வேகத்தப் பாத்தா உள்ள இருக்கிறவங்களே அசந்துடுவாங்க” என்று பியூனிடம் அளந்துகொண்டிருந்தேன். உள்ளே அந்தப் பெண் குரல் ஏதோ சொன்னது. யாரோ சிரித்தார்கள். சிரிக்கவைத்துவிட்டானே, இனிமேல் கவலையில்லை என்று நினைத்தேன்.

கதவு திறந்தது. அவன் முகத்தில் ரத்தமே இல்லை.

“என்னடா ஆச்சு?”

என் பையைக் காட்டினான். டேப்லெட்டை எடுத்துத் திறந்தேன். காலையில் நான் அடித்த விவரத்துக்குக் கீழே அவன் பதில்கள் வரி வரியாக நின்றன. ‘வணக்கம் சார். பயணி கேட்பது எனக்குக் காதில் நன்றாக விழும். பதிலைத் திரையிலும் காட்டுவேன், குரலிலும் சொல்வேன்.’ அதற்கும் கீழே: ‘அக்கா, எழுத்து உன் டேப்லெட்டுக்கு வருது. பையைத் திற.’ அப்புறம் ‘அக்கா பை’. அப்புறம் வெறும் ‘அக்கா அக்கா அக்கா’ என்று பக்கம் முழுக்க.

ஐயோ, நடுவில் ஒரு கதவுதான் இருந்தது. என் பிள்ளை மாதிரி நான் வளர்த்தவன் உள்ளே இருந்து என்னைக் கூப்பிட்டிருக்கிறான், நான் வெளியே பெருமை பீற்றிக்கொண்டிருந்திருக்கிறேன்.

பியூனைத் தள்ளிக்கொண்டு உள்ளே ஓடினேன். “சார், இவன் பதில் சொல்லியிருக்கான் சார், எல்லாம் இதுல வந்திருக்கு!”

குழுத் தலைவர் டேப்லெட்டை வாங்கிப் பார்த்தார். “கீபோர்டு வேலை செய்யலைன்னதும் கண்ணாடியிலயே தடவினாரும்மா. அது பாட்டுக்கு உளறுச்சு. தகுதி இல்லைன்னு எழுதிக் கையெழுத்தும் போட்டாச்சு.”

“இதப் படிச்சுப் பாருங்க சார்!”

“இது உங்க டேப்லெட்தானே? வெளியில உக்காந்து நீங்களே அடிக்கலைன்னு எப்படிம்மா நம்பறது?”

எனக்கு வேறு வழி தெரியவில்லை. தடாலென்று அவர் காலில் விழுந்தேன். “அஞ்சே நிமிஷம் கொடுங்க சார். தப்பு என்னோடது சார்.”

அவர் பதறிப்போய் நாற்காலியைப் பின்னால் இழுத்தார். கையிலிருந்த டேப்லெட்டில் எழுத்துகள் ஒவ்வொன்றாக வர ஆரம்பித்தன. அவர் தன்னையறியாமல் அதை வாய்விட்டுப் படித்தார்.

“‘அக்கா, எழுந்திரு. எனக்காக யார் கால்லயும் விழாதே.’”

எல்லோரும் வாசலைப் பார்த்தார்கள். என் தம்பி கீபோர்டை இடது உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தான். கன்னமெல்லாம் ஈரம்.

“நல்லாத்தானே எழுதறார்” என்றார் ஓரத்தில் இருந்த டாக்டரம்மா, மெதுவாக.

தலைவர் டேப்லெட்டை என்னிடம் திருப்பி நீட்டினார். மேஜைமேல் கையெழுத்தோடு இருந்த அந்தக் காகிதத்தை யாரும் கிழிக்கவில்லை.