பசறையைத் தாண்டாத உண்மை

சட்டத்தரணியும் இந்துவுமாகிய நான், இன்று பிற்பகல் பதுளையில், லுணுகலை பஸ் புறப்படுவதற்கு முன் கண்டதையும் கேட்டதையும் மட்டும் இங்கே சத்தியக்கூற்றாக உறுதியுரைக்கிறேன்.

டியூஷன் வகுப்பைத் தவிர்த்துவிட்டுத் துன்ஹிந்த நீர்வீழ்ச்சிக்குப் போய்த் திரும்பிய மூன்று மாணவிகள் பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் இருந்தனர். ஒருத்தியின் தாயார் அழைத்தார். மகளோ தொலைபேசியைத் தோழி எஸ்தரிடம் நீட்டினாள்.

"கிளாஸ்ல இருக்கோம்னு சொல்லுடி. நீ வேதக்காரப் புள்ள, நீ சொன்னா அம்மா நம்புவாங்க."

"அதனாலதான்டி சொல்ல மாட்டேன்."

"பெரிய பாஸ்டரம்மா! இனி எங்களோட சேராத."

எஸ்தரின் கண்கள் கலங்கின. ஆயினும் தொலைபேசியை வாங்கினாள்.

"ஆன்டி, எஸ்தர் பேசுறேன். கிளாஸுக்குப் போகல, துன்ஹிந்த போனோம். திட்டுறதுன்னா என்னையும் சேர்த்துத் திட்டுங்க."

மறுமுனையின் தீர்ப்பு பஸ் முழுவதற்கும் கேட்டது. அதன் பிறகு மற்ற இருவரும் எஸ்தரோடு பேசவில்லை.

அவ்வேளை என் தொலைபேசி ஒலித்தது. கட்சிக்காரர்.

"ஐயா, லுணுகலையில ஒங்க ஆபீஸ் வாசல்ல நிக்கிறேன். எங்க இருக்கீங்க?"

பசறை பாதிவழி ஊர். 'பசறையைத் தாண்டிவிட்டேன்' என்பதே, எங்கே இருந்தாலும், இக்கேள்விக்கு நான் பல்லாண்டுகளாக வழங்கிவரும் பதில். எஸ்தர் திரும்பிப் பார்த்தாள்.

"இன்னும் பதுளையிலதான் இருக்கேன்" என்றேன்.



"அப்ப நல்லதுங்க ஐயா. நானும் இன்னும் வீட்டவிட்டுக் கெளம்பல."

என் தொலைபேசியின் சத்தம் சற்று அதிகம். முன் இருக்கையில் மூவரும் சேர்ந்தே சிரித்தார்கள்.

நண்பர்களே, நீங்கள் இப்போது எங்கே இருக்கிறீர்கள்? யோசித்துப் பதிலளிக்கவும்.

ஒப்பம்: மு. தவராஜா, சட்டத்தரணி
சாட்சிகள்: எஸ்தர், சுகந்தி, ரேணுகா (மூவரும் சிறுவயதினர் ஆதலால் பெயர்களை மட்டும் மாற்றியுள்ளேன்.)