வேர்க்காத பிள்ளை

எழுபத்தெட்டில் பிறந்த என் மகன் செல்வாவுக்கு, வேண்டிக்கொண்டபடி ஒரு வயதில் மொட்டை போடப் போனோம். நாவிதர் தலையை நனைத்தார், கத்தியை எடுக்கவில்லை. "என்ன தங்கச்சி, வழிக்க ஒன்னுமே இல்லையே லா!" சுற்றி நின்றவர்களோடு நானும் சிரித்தேன். சில பிள்ளைகளுக்கு முடி தாமதம்தானே.

பாடாங் மேஹா பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்தில்தான் எங்களுக்கு வேலையும் வீடும். வெயில் காலம் வந்ததும், மதியமானால் அவன் உடம்பு அனலாய்க் கொதிக்கும், பொழுது சாய்ந்தால் தானாகத் தணியும். சளியில்லை, இருமலில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. தோட்டத்து டிரஸ்ஸர் (சிறு நோய்களுக்கு மருந்து கொடுப்பவர்) மாத்திரை கொடுத்துப் பார்த்தார், பலனில்லை.

ஒரு மதியம் பக்கத்து வீட்டு அக்கா கம்பளியோடு வந்தார். "நல்லா போத்து. வேர்த்துச்சுன்னா காய்ச்ச எறங்கிடும்."

தோட்டத்தில் எல்லோரும் செய்வதுதான். போர்த்திவிட்டுக் காத்திருந்தோம். ஒரு சொட்டு வேர்வை வரவில்லை. கண்கள் செருகி, கைகால் இழுக்கத் தொடங்கியது (ஜன்னி).

டவுன் ஆஸ்பத்திரியில் ஈரத்துணி சுற்றி அவனைக் குளிர வைத்தார்கள். பிழைத்துக்கொண்டான். டாக்டர் அவன் தலையைத் தடவினார், அவன் வாயையும் திறந்து பார்த்தார். ஆணி மாதிரி இரண்டே பல். பிறகு என்னைப் பார்த்தார்.

"அம்மா, கூடப் பொறந்த ஆம்பளைங்க இருக்காங்களா?"

"ஒரு தம்பி டாக்டர். சின்னதிலயே காய்ச்சல்ல போயிட்டான்."

"முடி இருந்துச்சா?"

வீட்டில் தம்பியைச் செல்லமாக மொட்டையன் என்றுதான் கூப்பிட்டோம். அவனையும் கம்பளிக்குள்தான் வைத்திருந்தார்கள்.

எக்டோடெர்மல் டிஸ்பிளேசியா (முடி, பல், வேர்வைச் சுரப்பிகள் சரியாக உருவாகாத பிறவிக் குறை) என்றார் டாக்டர். "வயித்துல மூணு நாலு மாசத்துல மேல்தோலும் அடித்தோலும் தகவல் அனுப்பிக்கும். இங்க முடி, இங்க வேர்வைன்னு. இவனுக்கு அது போய்ச் சேரல."

"என்ன தகவல் டாக்டர்?"

"அது இன்னும் யாருக்கும் தெரியாதும்மா. ஆனா கொறை உங்க வழியாத்தான் வருது. அடுத்ததும் பையன்னா, பாதிக்குப் பாதி."

அந்தக் குறை என் உடம்பிலும் இருக்கிறதா என்று பார்க்க, என் முதுகில் அயோடின் பூசி, மாவு தூவி, வெயிலில் நிற்க வைத்தார்கள். வேர்த்த இடம் கறுக்குமாம். நர்ஸ் கண்ணாடி காட்டினார். கறுப்புப் பட்டைகளுக்கு நடுவே கறுக்காத பட்டைகள். இத்தனை வருடம் பால் மரம் வெட்டி நனைந்த முதுகில் பாதி, ஒருநாளும் வேர்த்ததே இல்லை.

இதற்கு மருந்து கிடையாது. உங்கள் பிள்ளையும் இப்படி என்றால், காய்ச்சலில் போர்த்தாதீர்கள். யார் திட்டினாலும் சரி, கம்பளியைப் பிடுங்கி வீசுங்கள். நான் செல்வாவின் பனியனை நனைத்து நனைத்துப் போட்டுவிடுகிறேன். அது காய்வதுதான் எனக்குக் கடிகாரம்.

இப்போது எனக்கு நாலாம் மாதம். உள்ளே அந்தத் தகவல் போய்ச் சேர்ந்திருக்கும், அல்லது சேராமலே போயிருக்கும். வயிற்றின் மேல் கை வைத்துப் பார்க்கிறேன். கை மட்டும் வேர்க்கிறது.