கட்டக்காரரின் சராசரி

கடல் ஆராய்ச்சிக் கூடத்தில் அவருக்குக் கட்டக்காரர் என்றுதான் பெயர். துருவக் கடலின் படத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, எந்தக் கட்டத்தில் எவ்வளவு கிரில் என்று வண்ணம் அடிப்பது வேலை. கிரில் என்பது சுண்டுவிரல் நீளப் பொடி இறால், திமிங்கிலத்தின் வயிற்றுப்பாடு. ஓரிடத்தில் நெருக்கியடித்துக்கொண்டு திரியும். பக்கத்திலேயே மருந்துக்கும் ஒன்று இருக்காது.

பொடிக் கட்டம் போட்டால் இது தெரியும். இயக்குநருக்குத்தான் பொடிக் கட்டம் ஆகாதே! "என்னய்யா படம் இது, அம்மை போட்ட மூஞ்சியாட்டம்? பெருசா போடு!" என்பார். இவரும் ஒரு மாவட்டமே அடங்குகிற கட்டமாகப் போட்டு, கூட்டி வகுத்து, கடல் முழுக்க இளஞ்சிவப்பு பூசிவிடுவார். எங்கும் கொஞ்சம் கிரில். பார்க்க லட்சணமாக இருக்கும்.

அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்ததுதான் வினை. மனைவி காய்ச்சலில் கொதித்தபோது, குளிரில் விறைத்திருந்த தன் காலைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "கூட்டிப் பாத்தா வீட்டுல சூடு சரியாத்தான் இருக்கு" என்றார். இந்த மனுஷனை என்ன செய்வது, சொல்லுங்கள்? காய்ச்சல் விட்டதும் அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அடுத்த தெருவிலிருந்த அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள்.

அந்த அண்ணன் ஒருநாள் பொறுக்கமாட்டாமல் வந்து நின்றார். "ஏன் மாப்ள, என் தங்கச்சி வந்து எவ்வளவு நாளாச்சு? கூப்பிட வரமாட்டீங்களா?"

"அவ எங்க மச்சான் போனா? என் கட்டத்துல உங்க தெருவும் எங்க தெருவும் ஒண்ணுதானே."

மச்சான் தலையில் அடித்துக்கொண்டு போனார். கட்டக்காரர் கட்டிலின் நட்டநடுவில் படுத்து நிம்மதியாகத் தூங்கினார்.

அந்த நிம்மதியில் மண்ணைப் போட்டவர் ஆராய்ச்சிக் கப்பலின் கேப்டன். மறுநாள் போனில் கத்தினார். "யோவ், உன் படத்துல நாங்க கிரில் மேலயே நிக்கிறோம். வலையில தண்ணிதான்யா வருது!"

"எங்கயும் கொஞ்சம் இருக்கணுமே சார்."

"கொஞ்சம்னு இங்க எதுவும் இல்லய்யா. இருந்தா இருக்கு, இல்லன்னா இல்ல!"

இயக்குநர் ஊரில் இல்லாத தைரியத்தில், கடலுக்குள் ஒலியை விட்டுக் கப்பல் பிடித்து அனுப்பிய எதிரொலிப் பதிவைப் பொடிக் கட்டங்களாக உடைத்தார். கப்பல் நின்ற கட்டம் காலி. ஒரே ஒரு கட்டம் தள்ளி ரத்தச் சிவப்பாக ஒரு பெருங்கூட்டம்! கப்பலை நகர்த்தச் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தால், கண் அந்தப் பொடிக் கட்ட அளவிலேயே நின்றுபோயிருந்தது. கட்டிலில் ஒரு தலையணை மட்டும் கசங்காமல் கிடந்தது. கொடியில் அவள் துணி ஒன்றுகூட இல்லை. அடுப்படியில் அவள் நிற்கிற இடத்தில், சரியாக அந்த இடத்தில், யாருமில்லை. மனுஷன் விக்கி விக்கி அழுதார்.

செருப்புகூடப் போடாமல் ஓடிப்போய் மச்சான் வீட்டுக் கதவைத் தட்டினார். மனைவி கதவைப் பாதி திறந்தாள்.

"பாதி திறந்திருக்கு, பாதி மூடியிருக்கு. கூட்டிப் பாத்தா நீங்க உள்ள வந்தாச்சு. கிளம்புங்க."

அவள் கதவைச் சாத்தவும் இவர் காலை உள்ளே விடவும் சரியாக இருந்தது. கால் நசுங்கித் தெருவே கேட்கும்படி அலறினார்.

"எங்க வலிக்குது?" என்றாள் அவள்.

கூட்டவில்லை, வகுக்கவில்லை. "இங்கதான்மா," என்று காலைக் காட்டினார். "இங்க மட்டும்தான்."

அவள் கதவைத் திறந்தாள்.