புகையும் கம்பெனி சொத்துதான்

என் அண்ணியை லாட்ஜில் எல்லாரும் 'டீசல் அக்கா' என்பார்கள். பக்கத்தில் போய் நின்றால் காரணம் தெரிந்துவிடும். அண்ணனுக்கோ அந்த வாசனை இல்லாவிட்டால் வீட்டில் வேற்றாள் யாரோ நடமாடுவது போல இருக்குமாம்.

பதினொரு வருடத்துக்கு முன் அண்ணி அதே லாட்ஜில் துணி தேய்த்துக்கொண்டிருந்தார். ஒரு நாள் காலை ஜெனரேட்டர் கிளம்ப மறுத்தது. ஆபரேட்டர் அதைத் திட்டினார், உதைத்தார், கடைசியில் கெஞ்சவும் செய்தார். இஸ்திரிப் பெட்டி ஆறிப்போன எரிச்சலில் இறங்கி வந்த அண்ணி, அவர் கையிலிருந்த ஸ்பேனரை வாங்கி, டீசல் குழாயில் அடைத்திருந்த காற்றை வெளியேற்றினார். இன்ஜின் உடனே கிளம்பியது. லாரிப் பட்டறைக்காரர் மகளுக்கு அதெல்லாம் தண்ணீர் பட்ட பாடு. ஆபரேட்டர் அந்த மாதமே வேறு வேலை பார்த்துக்கொண்டார்; ஜெனரேட்டர் அண்ணி பொறுப்புக்கு வந்தது. அண்ணி அந்த ஸ்பேனரைத் திருப்பிக் கொடுக்கவே இல்லை. ஸ்டோர் கீப்பர் நான். கணக்கில் அது இன்னும் 'காணவில்லை' என்றுதான் இருக்கிறது.

எங்கள் ஊர் குளிர் ஊர். காலை ஆறு முதல் ஒன்பது வரை கரண்ட் கிடையாது. ஊரே போர்வைக்குள் நடுங்கும் அந்த மூன்று மணி நேரமும் ஜெனரேட்டர் அறையில் அண்ணிக்கு வியர்த்துக் கொட்டும். இன்ஜினின் புகைக்குழாய் அறைச் சுவரோரமாகவே ஓடித்தான் வெளியே போகிறது. போன வருடம் அண்ணி இரண்டு முறை மயங்கி விழுந்தார். மூன்றாவது முறை விழுவதற்குள் ஒரு ஃபேன் கேட்டு மேனேஜரிடம் போனார்.

"ஜெனரேட்டர் கரண்ட் கெஸ்ட்டுக்குத்தாம்மா. முடியலைன்னா மறுபடியும் துணி தேய்க்கப் போயிடு" என்றார் மேனேஜர்.

அண்ணிக்கு அது சுருக்கென்று தைத்தது. அந்த இன்ஜின் இருமினால் எந்த இடத்தில் இருமுகிறது என்று படுத்துக்கொண்டே சொல்லக்கூடியவர். அதை விட்டுவிட்டுத் தலையணை உறைக்கு மடிப்பு எடுப்பதா?

மறுநாள் என் ஸ்டோருக்கு வந்தார். அங்கே அறைகளிலிருந்து கழித்துக்கட்டிய குட்டி ஃபிரிட்ஜுகள் பதினாறு கிடந்தன. ஒன்றைப் பிரித்து, பிஸ்கட் அளவில் ஒரு வெள்ளைத் தகட்டை எடுத்தார்.

"தம்பி, இதுக்குக் கரண்ட் குடுத்தா ஒரு பக்கம் குளிரும், இன்னொரு பக்கம் சுடும். அப்ப நாம ஒரு பக்கம் சூடும் ஒரு பக்கம் குளிரும் குடுத்தா, அது கரண்ட் குடுக்கணும்ல?"

"குடுக்கணும்னு அதுக்கு என்ன தலையெழுத்து அண்ணி?"

"குடுக்கும் பாருங்க."

கொடுத்தது. ஆனால் லேசில் கொடுக்கவில்லை. புகைக்குழாய்மேல் நேராக ஒட்டிய முதல் இரண்டு தகடுகள் கருகிப்போயின. பிறகு நடுவே இரும்புப் பட்டை வைத்துப் பன்னிரண்டை ஒட்டினார். பஸ் டிரைவர் தலைக்கு மேல் சுற்றுமே, அந்த மாதிரி ஒரு குட்டி ஃபேன் ஐந்து நிமிடம் சுற்றியது, நின்றது. தகட்டின் மறுபக்கமும் சூடேறிவிட்டால் கரண்ட் வராது. மறுபக்கத்தைக் குளிரவைக்க ஏதாவது வேண்டும். அண்ணி அறையைச் சுற்றிப் பார்த்தார். மாடியில் மேனேஜர் குளியலறைக்கென்று தனியாக இருக்கும் சின்னத் தொட்டிக்குப் போகிற தண்ணீர்க் குழாய் அந்தச் சுவரில்தான் ஏறியது. அதை வளைத்துத் தகடுகளின் முதுகில் ஓடவிட்டார். ஃபேன் விடாமல் சுற்றியது.

இன்ஜின் வேண்டாம் என்று துப்பிய சூட்டிலிருந்து காற்று! எனக்குப் பெருமை தாங்கவில்லை. தகடுகளைக் கடந்து மேலே போகும் குழாயைத் தொட்டேன். வெதுவெதுப்பாக இருந்தது. அண்ணியைப் பார்த்தேன். அண்ணி கூரையைப் பார்த்தார்.

இங்கே மேனேஜரின் வெந்நீர் ஹீட்டரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஜெனரேட்டர் ஓடும்போது ஹீட்டர் போடக்கூடாது என்று எல்லா அறைகளிலும் நோட்டீஸ் ஒட்டியவர் அவர்தான். அவரே ஒரு நாள் போட்டு லாட்ஜையே இருட்டாக்கியதில், முதலாளி அவர் அறை ஹீட்டரின் வயரைக் கழற்றிவிட்டார். அன்றிலிருந்து மனிதருக்குப் பச்சைத் தண்ணீர்தான். இப்போது திடீரென்று குளிர் தெரியவில்லை. காரணம் என்னவென்று அவரே கண்டுபிடித்தும் விட்டார்: காலையில் செய்கிற மூச்சுப் பயிற்சி.

"குளிர்ங்கிறது எல்லாம் மனசுலதான்" என்று பார்ப்பவர்களிடமெல்லாம் மூக்கை மூடி மூடிக் காட்டினார். ரிசப்ஷன் பெண் அதை நம்பிப் பச்சைத் தண்ணீரில் குளித்துச் சளி பிடித்துக்கொண்டதுதான் மிச்சம்.

இப்படி இரண்டு மாதம் போனது. ஒரு நாள் ஜெனரேட்டர் அறைப் பக்கம் வந்த மேனேஜர் கண்ணில் ஃபேன் பட்டுவிட்டது.

"கம்பெனி கரண்டைத் திருடுறியா?"

"கரண்ட் இல்ல சார். வெளிய போற புகையோட சூடு."

மேனேஜர் ஜெனரேட்டரிலிருந்து ஃபேனுக்கு வரும் வயரைத் தேடினார். கிடைக்கவில்லை. அதில்தான் கோபம் அதிகமாகிவிட்டது.

"புகையும் கம்பெனி சொத்துதான்! எல்லாத்தையும் இன்னைக்கே கழட்டு. திங்கக்கிழமையிலேருந்து நீ துணி தேய்க்கிற இடத்துல இருக்கணும்."

அண்ணி உடனே தகடுகளை ஒவ்வொன்றாகக் கழற்றித் துடைத்து என் கையில் கொடுத்தார். தண்ணீர்க் குழாயைப் பழையபடி நேராக்கினார்.

"பத்திரமா வைங்க தம்பி. நாளைக்கே வேணும்" என்றார்.

மறுநாள் காலை எட்டரை மணிக்கு மாடியிலிருந்து ஒரு அலறல் கேட்டது. இரண்டாம் மாடி கெஸ்ட் ஒருவர், பாம்பு என்று நினைத்துக் கட்டில்மேல் ஏறிவிட்டார்.

மேனேஜர் முட்டாள் இல்லை. தோளில் துண்டோடு, தொட்டியிலிருந்து குழாயைத் தடவிக்கொண்டே படி இறங்கி, தோட்டத்தைச் சுற்றி, ஜெனரேட்டர் அறைக்குள் வந்து நின்றார். குழாய் நேராக்கப்பட்ட இடத்தைத் தொட்டார். புகைக்குழாயைப் பார்த்தார். பற்கள் தந்தியடித்துக்கொண்டிருந்தன.

"ஏம்மா... யோசிச்சுப் பார்த்தேன். ஊழியர் நலன் முக்கியம். அந்த ஃபேனை மறுபடி மாட்டிக்கோ."

"துணி தேய்க்கப் போகணுமே சார்?"

"யார் சொன்னது?"

"நீங்கதான் சார்."

"நீ போயிட்டா இன்ஜினை யார் பார்க்கிறது?"

"அப்படின்னா அதை எழுதிக் குடுங்க சார்."

எழுதிக் கொடுத்தார். 'ஊழியர் நலன் கருதி' என்று தொடங்கும் அந்தக் காகிதம் இன்றும் ஜெனரேட்டர் அறைச் சுவரில், ஃபேன் காற்றில் படபடக்கிறது. அதற்குப் பிறகு அண்ணி ஒரு முறைகூட மயங்கவில்லை. இன்ஜினும் அவர் கையில்தான்.

மறுபடி மாட்டும்போது அண்ணி குழாயில் புதிதாக ஒரு வால்வும் வைத்தார். ஒரு பக்கம் திருப்பினால் வெந்நீர் மாடிக்குப் போகும். மறுபக்கம் திருப்பினால் வெந்நீர் தோட்டத்துக்கு; மாடிக்குத் தகடுகளைத் தொடாத பச்சைத் தண்ணீர். ஃபேன் எப்படியும் சுற்றும்.

போன வாரம் மேனேஜர் ரிசப்ஷன் பெண்ணைக் கெஸ்ட் முன்னால் கண்டபடி திட்டினார். அவள் அழுத செய்தி ஜெனரேட்டர் அறைக்கும் வந்து சேர்ந்தது. அண்ணி எழுந்து போய் வால்வைத் திருகிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

மறுநாள் எட்டரை மணிக்கு அலறல். சற்று நேரத்தில் மேனேஜர் நடுங்கிக்கொண்டே வாசலில் வந்து நின்று அண்ணியைப் பார்த்தார்.

"இன்னைக்கு மூச்சு சரியா இழுக்கலை போல சார்" என்றார் அண்ணி, ஃபேனைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு.

மேனேஜர் நேராக ரிசப்ஷனுக்குப் போய் அந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்டார்.