இரண்டு நிரல்களும் ஒரு பெயரும்

கண்டிக்குப் பக்கத்தில் ஓர் ஆய்வுகூடத்தில் லீலாதேவி தொழில்நுட்ப உதவியாளராக இருந்தாள். மிளகாய்ச் செடியின் இலைகளைச் சுருள வைக்கும் வைரஸை அங்கே ஆராய்ந்தார்கள். வைரஸின் மரபணுவை நீளமான எழுத்துக்கோவையாக்கிக் கணினியில் கொடுத்தால், முன்பே தெரிந்த ஆயிரக்கணக்கான கோவைகளில் எதோடு அது ஒத்துப்போகிறது என்று நிரல் தேடிச் சொல்லும். அப்படிப்பட்ட நிரல்கள் இணையத்தில் ஏராளம். எதை நம்புவது என்பதுதான் தொல்லை.

ஆய்வுக்குத் தலைமை தாங்கிய கலாநிதி தாஸிம் அலவத்துகொடக்காரர், கொஞ்சம் அவசரக்காரர். “லீலா மிஸ், எல்லாரும் பாவிக்கிறதையே நாங்களும் எடுப்போமே” என்பார். அவள் சிரித்துவிட்டுத் தன் வழியிலேயே போவாள். விடை தெரிந்த கோவைகளை முதலில் எல்லா நிரல்களுக்கும் கொடுப்பாள். பிறகு எழுத்துகளைக் கண்டபடி கலைத்து, எந்த உயிரிலும் இல்லாத கோவை ஒன்றைக் கொடுப்பாள். அதற்கும் ‘கிடைத்தது’ என்று சொல்லும் நிரலை ஒதுக்கிவிடுவாள். வேகமும் பெயரும் அதற்குப் பிறகுதான்.

அவளுடைய தகப்பன் வீரசிங்கத்தை எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்தில், வேலைக்குப் போன வழியில் காடையர் அடித்துக் கொன்றார்கள். அதன்பின் பதினைந்து வயதுத் தம்பி விவேகானந்தனை மாமன் வடக்கே கூட்டிப்போனார். அவன் கிளிநொச்சியில் ஆசிரியரானான். லீலாதேவியும் தாய் இராசமணியும் கண்டியை அடுத்த கட்டுகஸ்தோட்டையிலேயே இருந்துவிட்டார்கள்.

இரண்டாயிரத்து ஒன்பது தை மாதம் தம்பியின் கடைசி அழைப்பு வந்தது. “திரும்பவும் இடம்பெயருறம் அக்கா. அம்மாட்டச் சொல்லாதைங்கோ.” அதோடு தொடர்பு அறுந்தது.

வைகாசியில் போர் முடிந்தது. தப்பி வந்த சனத்தை வவுனியாப் பக்கத்து முகாம்களில் கம்பிவேலிக்குள் வைத்திருந்தார்கள். தாஸிம், நிவாரணப் பணியில் இருந்த நண்பர் ஒருவரைப் பிடித்து, முகாம் பெயர்ப்பட்டியலைக் கணினிக் கோப்பாக வாங்கிக் கொடுத்தார். எழுதியவர்கள் காதில் விழுந்தபடி பெயர்களை ஆங்கிலத்தில் எழுதியிருந்தார்கள். அதனால் ஏறக்குறைய ஒத்த பெயர்களையும் தேடித்தரும் நிரல்கள் இரண்டை லீலாதேவி எடுத்தாள். தம்பியின் பெயர், தகப்பன் பெயர், பிறந்த ஆண்டு மூன்றையும் கொடுத்தாள். ஒன்று, யாருமில்லை என்றது. மற்றது ஓர் ஆளைக் காட்டியது.

“என்ர பிள்ளை உயிரோட இருக்கிறான்!” என்று இராசமணி கும்பிட்டாள். அன்றே அவனுக்கென்று, பல நாள் கெடாத பருத்தித்துறை வடை சுட்டுத் தகர ரின்னில் அடைத்தாள்.

ஆய்வுகூடத்தில் என்றால் முதல் நாளே அந்த நிரலைச் சோதித்திருப்பாள். இப்போது கை வரவில்லை. ஒரு கிழமை அதைத் தள்ளிப்போட்டாள். எட்டாம் நாள் காலை, யாரும் வருமுன், தகப்பனின் பெயரையும் பாட்டனின் பெயரையும் பிறந்த ஆண்டையும் தட்டினாள். அவருடைய உடலை அவள் கண்ணால் பார்த்தவள்.

இருவர் கிடைத்ததாக நிரல் சொன்னது.

அவள் விம்மியழுவதைக் கண்டுதான் தாஸிம் உள்ளே வந்தார். திரையில் அவளுடைய தகப்பனின் பெயரைப் பார்த்தார். “ஆனாலும் போய்ப் பாருங்க மிஸ். மனசு ஆறட்டும். லீவு நான் பாத்துக்கிறேன்” என்றார்.

ஆவணியில்தான் சந்திக்க அனுமதி கிடைத்தது. வேலிக்கு அப்பால் மெலிந்த மனிதர் ஒருவர் ஓடோடி வந்தார். அவளைக் கண்டதும் நின்றுவிட்டார்.

“நான் விவேகானந்தராசா. என்ர தங்கச்சி வந்திருக்கிறா எண்டு நினைச்சிட்டன்.”

“நான் என்ர தம்பி எண்டு நினைச்சு வந்தனான்.”

இருவரும் கம்பியைப் பிடித்தபடி நின்றார்கள். நேரம் முடிந்தது என்று காவலர் கூப்பிட்டபோது, கொண்டுபோன பையை அவரிடமே கொடுத்தாள். தாய் புதிதாய்ச் சுட்டு அடைத்த வடை ரின்னும் அதில் இருந்தது.

வீட்டில் இராசமணி கதவடியில் காத்திருந்தாள். “கண்டனியோ பிள்ளை?”

“அது வேற ஆள் அம்மா.”

“வடிவாப் பாத்தனியோ?”

“வடிவாப் பாத்தன்.”

அன்று இராசமணி சாப்பிடவில்லை.

அதற்குப் பின் புதுப் பட்டியல் எது வந்தாலும் லீலாதேவி, யாருமில்லை என்ற முதல் நிரலில்தான் தேடினாள். சோதித்தபோது அது பிழையாக எழுதிய பெயர்களையும் கண்டுபிடித்தது. இல்லாதவர்களை இருப்பதாகச் சொல்லவில்லை. தம்பியின் பெயரை அது ஒருமுறையும் காட்டவில்லை. ஒரு கட்டத்தில் பட்டியல்கள் வருவதும் நின்றது.

முகாமிலிருந்து விடுபட்ட அந்த மனிதர், வேலியடியில் அவள் கொடுத்திருந்த எண்ணுக்கு அடுத்த வருடம் அழைத்தார். தன் தங்கச்சியின் பெயரையும் தேடிப்பார்க்க முடியுமா என்று கேட்டார். கையிலிருந்த எல்லாப் பட்டியல்களிலும் இரண்டு நாள் தேடினாள். பிறகு அவரை அழைத்து, இல்லை என்று அவளே சொன்னாள்.

“சரி தங்கச்சி” என்றார் அவர். அழைப்பை வைக்காமல் வெகுநேரம் இருந்தார். அவளும் வைக்கவில்லை.