வார்த்தை கேக்குதான்னு பாருங்க

ஸ்பீக்கர் விற்கிற கடையில் யாராவது நின்று பாடிப் பார்த்திருக்கிறீர்களா? நான் போன வாரம் செவ்வாய்க்கிழமைதான் பார்த்தேன். கடைக்காரரும் அன்றைக்குத்தான் முதல்முறையாகப் பார்த்தார். அவருக்கு அது பிடிக்கவில்லை.

பாடியவர் ஷகிலா பானு. பழங்காநத்தத்தில் எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளிக் குடியிருக்கிறார். கல்யாணம், காதுகுத்து, வளைகாப்பு, கடை திறப்பு... யார் கூப்பிட்டாலும் போய்ப் பாடுவார். கணவர் காஜா கீபோர்டு வாசிப்பார். மொத்த ஆர்கெஸ்ட்ராவும் இந்த இரண்டு பேர்தான்.

"சவுண்டு பொட்டி வாங்கப் போறோம். நீங்களும் வாங்கண்ணே" என்று கூப்பிட்டார்.

"எனக்கு அதைப் பத்தி ஒண்ணும் தெரியாதேம்மா."

"அதுக்குத்தாண்ணே கூப்பிடுறேன். தெரிஞ்சவங்க ஆளுக்கு ஒண்ணு சொல்லிக் கொழப்புறாங்க."

இருபது வருஷமாகச் சொந்த ஸ்பீக்கர் இல்லாமலே பாடியவர். இப்போது ஏன்? காரணம் மைக்செட் முருகேசன்.

விசேஷ வீடுகளில் சத்தம் என்பது மைக்செட்காரரின் பொறுப்பு. மலைபோலப் பெட்டிகளை அடுக்குவார். மேடைக்குப் பக்கத்தில் வரிசையாகத் திருகுகள் வைத்த மிக்சர் பலகையோடு உட்கார்ந்துகொள்வார். பாடுகிறவர்கள் அவருடைய மிக்சரில் மைக்கைச் சொருகிக்கொண்டு பாட வேண்டும். தொண்டை ஷகிலாவுடையது, கூட்டுவதும் குறைப்பதும் முருகேசன்.

போன மாதம் திருமங்கலம் பக்கம் ஒரு கல்யாணம். பாதிப் பாட்டில் ஷகிலாவின் குரல் நின்றுபோனது. அதே பாட்டின் ஒலிப்பதிவு பெட்டிகளில் இடித்தது. முருகேசன் மைக்கை அணைத்துவிட்டு செல்போனில் இருந்ததைப் போட்டுவிட்டார். சபை கைதட்டியது. யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

"வாய மூடுறதா, அசைக்கிறதான்னு தெரியலண்ணே. அசைச்சேன்" என்றார் ஷகிலா. "அதாண்ணே எனக்கு ஆத்திரம். அவன்மேலகூட இல்ல. எம்மேல."

இறங்கி வந்து முருகேசனிடம் கேட்டிருக்கிறார். அவர் கோபப்படவில்லை. யோசனை சொன்னார்.

"கூட்டம் ஒரிஜினல் வாய்ஸத்தாங்க்கா கேக்குது. இனிமே நான் பாட்டப் போட்டு விடுறேன். நீங்க மைக்கப் பிடிச்சு வாய மட்டும் அசைங்க. தொண்டையும் நோகாது. மத்த பார்ட்டியெல்லாம் அப்படித்தான் ஓட்டுது. புடிக்கலன்னா சொந்தமா பெட்டி கொண்டாந்து பாடுங்க. நானா வேணாங்கிறேன்?"

அடுத்த நிகழ்ச்சி உசிலம்பட்டிக்குப் பக்கத்தில் ஒரு காதுகுத்து. ஞாயிற்றுக்கிழமை. அங்கேயும் மைக்செட் முருகேசன்தான். இனிமேல் பாடுவதா, வாயசைப்பதா? ஐந்து நாளில் முடிவாக வேண்டும்.

டவுன் ஹால் ரோட்டை ஒட்டிய சந்தில் அந்தக் கடை. உள்ளே நுழைந்ததும் கடைக்காரர் என்னைப் பார்த்து, "வாங்க சார், என்ன ரேஞ்சுல பாக்குறீங்க?" என்றார்.

"எனக்கில்லை. பாடுகிறவர் அவர்" என்றேன்.

உடனே காஜாவைப் பார்த்தார். காஜா பெருவிரலால் மனைவியைக் காட்டினார். கடைக்காரர் ஒருவழியாக ஷகிலாவிடம் வந்து சேர்ந்தார். ஆனாலும் பதிலை என்னிடமே சொல்லிக்கொண்டிருந்தார்.

முதலில் அவர் உருட்டி வந்தது இடுப்பு உயரப் பெட்டி. முகத்தில் கலர் கலராக விளக்கு ஓடியது. அட்டையில் போட்டிருந்த வாட்ஸை நம்பினால் அதைக் கொண்டு ஒரு பேரூராட்சிக்குக் கரண்ட் கொடுக்கலாம். ஒரு குத்துப் பாட்டைப் போட்டார். கண்ணாடி ஷோகேஸ் நடுங்கியது. எனக்கு நெஞ்சுக்குள் யாரோ தட்டினார்கள்.

"எப்படி சார்?"

பிரமாதம் என்று சொல்ல வாயெடுத்தேன். ஷகிலா முந்திக்கொண்டார்.

"பாட்ட நிறுத்துங்க. மைக்கக் குடுங்க."

"மேடம், பாட்டுலயே குவாலிட்டி தெரிஞ்சுரும்..."

"அந்தப் பாட்டப் பாடுனவுக வேற எங்கயோ நல்லாப் பாடிட்டுப் போயிட்டாக. நான் பாடுனா எப்படி இருக்கும்? அதக் காட்டுங்க."

கேள்வி நியாயம்தானே? புடவை வாங்கினால் தோளில் போட்டுப் பார்க்கிறோம். செருப்பு வாங்கினால் நாலு எட்டு நடந்து பார்க்கிறோம். பாடுகிறவர் ஸ்பீக்கர் வாங்கப்போய் வேறு யாரோ பாடியதைக் கேட்டுவிட்டு வந்தால் எப்படி?

மைக் வந்தது. ஷகிலா நாலு வரி பாடினார். கடைக்காரர் எக்கோவைக் கூட்டினார். "சும்மா கெணத்துக்குள்ள இருந்து பாடுற மாதிரி இருக்கு, கொறைங்க" என்றார் ஷகிலா. பெட்டிக்கு முன்னால் மைக்கோடு நடந்தார். கீச்சென்று கத்தியது. பின்னால் நடந்தார். அடங்கியது. எத்தனை எட்டில் கத்தியது என்பதைக் காஜா ஒரு சீட்டில் குறித்துக்கொண்டார்.

பிறகு ஷகிலா கேட்டார் பாருங்கள்...

"இதத் தெருவுக்குக் கொண்டு போகலாமா?"

"வெளியவா? அதெல்லாம் முடியாது மேடம். டெமோ உள்ளதான்."

"நான் என்ன ஏசி ரூமுக்குள்ளயா பாடப் போறேன்? தகரப் பந்தல்ல பாடப் போறேன். ஒரு பக்கம் ஜெனரேட்டர் ஓடும், ஒரு பக்கம் ஆடு கத்தும்."

"ஓனர் திட்டுவாரு மேடம். நான் இங்க சம்பளத்துக்கு இருக்கேன்."

"அப்ப ஓனரக் கூப்பிடுங்க. அவருகிட்டயே கேக்குறேன். இல்ல, அடுத்த கடைக்குப் போறேன். அவுககிட்டயும் இதத்தான் கேப்பேன்."

கடைக்காரர் என்னைப் பார்த்தார். நான் பைக்குள் எதையோ தேடினேன். பெட்டி வாசலுக்கு வந்தது.

என் வேலை அங்கேதான் ஆரம்பித்தது. எதிர்ச்சாரியில் கொஞ்சம் தள்ளி ஒரு டீக்கடை. அங்கே போய் நிற்கச் சொன்னார் ஷகிலா.

"பாட்டு கேக்குதான்னு பாக்காதீங்கண்ணே. வார்த்தை கேக்குதான்னு பாருங்க. கேட்டத அப்படியே எழுதுங்க."

எழுதுவது என் பழக்கம். நோட்டைத் திறந்தேன். தெரிந்த பாட்டு என்றால் காதுக்குக் கேட்காததை மனசு நிரப்பிவிடும் என்று ஷகிலாவுக்குத் தெரிந்திருக்கிறது. அதனால் ஒரு மெட்டைப் பிடித்து அதில் பஸ் ஸ்டாப்புகளைப் பாடினார்.

பெரிய பெட்டியில் எனக்குக் கேட்டது இது: காளவா... ம்ம்ம்... புது... ம்ம்ம்... ஊரணி... தூர்.

அடுத்து நடுத்தரமாக ஒன்று. அதில் நாலு வார்த்தை முழுசாகத் தேறியது. ஆனால் அதில் சத்தம் கூட்டவும் குறைக்கவும் செல்போனில் ஏதோ ஒரு ஆப்பைத் திறக்க வேண்டுமாம். "பாடும்போது போனு வந்தா என்ன செய்ய? பாட்ட நிறுத்திட்டு ஹலோ சொல்லவா?" என்று தள்ளிவிட்டார்.

மூன்றாவது சின்னது. சமையலறை சிலிண்டர் உயரம்கூட இல்லை. விளக்கு இல்லை. மினுக்கு இல்லை. மைக்குக்கு ஒரு திருகு, கீபோர்டுக்கு ஒரு திருகு, பின்னால் வயர் சொருக ஓர் ஓட்டை, உள்ளே பேட்டரி. அவ்வளவுதான். அதில் பாடினார்: காளவாசல், நாகமலை புதுக்கோட்டை, செக்கானூரணி, கருமாத்தூர், உசிலம்பட்டி... ஆட்டோ ஹாரனையும் பால்கேன் சத்தத்தையும் தாண்டி ஒவ்வொன்றும் தனித்தனியாக வந்தது.

டீக்கடையில் பையோடு நின்றிருந்த ஒருவர் கிளாஸைக் கீழே வைத்தார்.

"ஏண்ணே, செக்கானூரணி வண்டின்னு சொல்றாங்களே... எங்க நிக்குது?"

இதைவிட என்ன சான்றிதழ் வேண்டும்?

ஷகிலா அதோடு விடவில்லை. பெட்டியை ஒற்றைக் கையில் தூக்கிக்கொண்டு கடைப் படியில் மூன்று முறை ஏறி இறங்கினார். டவுன் பஸ் படி இதைவிட உயரம் என்றார். "பேட்டரி ஆறு மணி நேரம் நிக்கும்" என்ற கடைக்காரரிடம், "எம்புட்டு சத்தத்துல?" என்று கேட்டார். அவர் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அப்ப முக்கால் சத்தத்துல ஓட விடுங்க. சாயங்காலம் வாரேன்" என்று கிளம்பிவிட்டார். சாயங்காலம் போனபோது பெட்டி பாடிக்கொண்டிருந்தது. கடைக்காரர்தான் களைத்துப் போயிருந்தார்.

அதையே வாங்கினார். விலை கேட்பீர்கள். செகண்ட் ஹேண்டில் ஒரு மொபெட் வாங்கலாம். அதற்கு மேல் கேட்காதீர்கள்.

இந்த ஊருக்குச் சத்தம் என்றால் ஒரு மரியாதை. பந்தலில் உட்கார்ந்திருப்பவருக்குக் காது அடைத்தாலும் பரவாயில்லை. அடுத்த ஊர்க்காரர் "அங்க ஏதோ விசேஷம்" என்று சொல்ல வேண்டும். யார் வீட்டு விசேஷம், என்ன பாட்டு என்று அவருக்குத் தெரிய வேண்டியதில்லை. நாம் நன்றாக இருக்கிறோம் என்பதை நம்மை அழைக்காதவர்களுக்குத் தெரிவிக்க இவ்வளவு வாட்ஸ் செலவழிக்கிறோம்!

ஞாயிற்றுக்கிழமை காளவாசலில் பஸ் ஏறினோம். ஸ்பீக்கர் ஷகிலாவிடம், கீபோர்டு காஜாவிடம், ஸ்டாண்டு என்னிடம். முடிவு தெரியாமல் வீட்டில் உட்கார்ந்திருக்க என்னால் முடியவில்லை.

பந்தலில் முருகேசன் பெட்டிகளை ஆள் உயரத்துக்கு மேல் அடுக்கியிருந்தார். ஷகிலாவின் கையைப் பார்த்தார்.

"என்னக்கா, டிபன் கேரியரா?"

"ஆமாப்பா. உனக்கும் சேத்துத்தான் கொண்டாந்திருக்கேன்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். முருகேசனும் சிரித்தார். சிரித்துவிட்டுச் சொன்னார்:

"மேடை நம்ம கன்ட்ரோலுக்கா. ரெண்டு செட்டு ஒரே எடத்துல ஓடுனா ஒண்ண ஒண்ணு அமுக்கிரும். ஒண்ணு, நம்ம பாட்டுக்கு வாயசைங்க. இல்ல, சும்மா உக்காருங்க."

அவர் சொன்ன விஷயத்தில் தப்பில்லை. அந்த மலைக்கு முன்னால் இந்தச் சிலிண்டர் நிற்காது. விசேஷ வீட்டுக்காரரிடம் போனார் ஷகிலா. குழந்தையின் அப்பா. தாய்மாமன் வண்டி இன்னும் வந்து சேராத பதற்றத்தில் இருந்தார். "ரெண்டு பேரும் அனுசரிச்சுப் போங்கம்மா" என்று சொல்லிவிட்டு ரோட்டுக்கு ஓடினார்.

முருகேசன் பாட்டைப் போட்டார். ஏற்கெனவே அழைத்து வந்திருந்த இரண்டு பெண்களை மேடையில் ஏற்றினார். அவர்கள் கச்சிதமாக வாயசைத்தார்கள்.

ஷகிலா ஸ்பீக்கரைத் தூக்கினார். "மச்சான், கீபோர்ட எடுங்க" என்றார்.

வீட்டுக்குத்தான் போகிறோம் என்று நினைத்தேன். ஸ்டாண்டைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடந்தேன். அவர் ரோட்டுப் பக்கம் திரும்பவில்லை. வீட்டின் பின்பக்கம், சாப்பாட்டுப் பந்தலுக்குள் நுழைந்தார்.

முதல் பந்தி நடந்துகொண்டிருந்தது. கறிக்குழம்பு வாளி வரிசையில் போய்க்கொண்டிருந்தது. பந்தியின் கடைசியில், தண்ணீர் டிரம்முக்குப் பக்கத்தில் ஸ்டாண்டை ஊன்றச் சொன்னார். வயர் தேடவில்லை. பிளக் கேட்கவில்லை. யாரிடமும் எதையும் கேட்கவில்லை. ஒரு திருகு. பாட ஆரம்பித்துவிட்டார்.

முன்பந்தலின் பெட்டிகள் வேறு திசையைப் பார்த்து முழங்கின. நடுவில் வீடு. இங்கே ஷகிலாவின் குரல், இலையில் குழம்பு ஊற்றும் தூரத்தில். தாய்மாமன் மடியில் உட்காரப்போகிற பிள்ளைக்கு இட்டுக்கட்டி ஒரு தாலாட்டு. மாமன் வருகிற வழியில் வண்டி பஞ்சரோ, இல்லை மாமிக்கு இன்னும் புடவை மடிப்பு வரவில்லையோ என்று ஒரு வரி வந்தது. பந்தியே சிரித்தது. வார்த்தை கேட்டால்தானே சிரிக்க முடியும்?

பந்தி நடக்கிற முறை உங்களுக்குத் தெரியும். உட்கார்ந்தவர் ரசம் கேட்கும்போதே அவர் நாற்காலியை ஒருவர் பின்னாலிருந்து பிடித்துக்கொள்வார். மோர் வந்ததும் எழுந்துவிட வேண்டும். அன்றைக்கு மோர் வந்து, போய், காய்ந்தும் போனது. ஒருவரும் எழவில்லை.

"சாப்பிட்டாச்சுல்ல மாப்ள, எந்திரிப்பா!"

"பாட்டு முடியட்டும்யா. நாற்காலியவா தூக்கிட்டுப் போகப் போறேன்?"

"பசிக்குதுய்யா!"

"அம்புட்டுப் பசின்னா கையில வாங்கி நின்னுக்கிட்டே தின்னு!"

பாட்டு முடிந்தது. எழுந்தவர்களும் போகவில்லை. ஓரமாக நின்றார்கள். இரண்டாவது பந்தி உட்கார்ந்தது. முன்பந்தலை எட்டிப் பார்த்தேன். இரண்டு பெண்களும் விடாமல் வாயசைத்துக்கொண்டிருந்தார்கள். எதிரே காலி நாற்காலிகள் அதிர்ந்துகொண்டிருந்தன.

தாய்மாமனை அழைத்துக்கொண்டு வந்த குழந்தையின் அப்பாவும் அதைப் பார்த்தார். முருகேசனிடம் ஏதோ சொன்னார். பெட்டிகள் அடங்கின.

கொஞ்ச நேரத்தில் தோளில் ஒரு வயர் சுருளோடு முருகேசன் பின்னால் வந்தார். நான் சண்டைக்குத் தயாரானேன். அவர் வந்தது அதற்கில்லை.

"அக்கா, உங்க பெட்டிலருந்து ஒரு வயரு இழுத்துக்கிறேன். முன்னாடி மாமன் வீட்டு ஆளுக வந்துட்டாக. அங்கயும் கேக்கணுமாம்."

அவர் பெட்டிகள், அவர் மலை. அதில் போகப்போவது ஷகிலாவின் குரல். ஷகிலா யோசித்தார். வயர் போனாலும் அங்கே மிக்சர் இருக்கிறது. அதன் முன்னால் உட்காரப்போவது யார்?

"தாரேன்" என்றார். "ஒரே ஒரு கண்டிசன். சொருகிட்டு, சத்தத்த வச்சுட்டு, நீ இங்க வந்து எலைல உக்காரணும்."

"நான் அப்புறம் சாப்பிடுறேங்க்கா..."

"இப்ப."

முருகேசன் வயரைச் சொருகிவிட்டு வந்து உட்கார்ந்தார். ஷகிலாவின் குரல் இப்போது அந்த மலையிலிருந்தும் வந்தது. முருகேசன் வேகமாகத்தான் சாப்பிட்டார். மோர் ஊற்றிக் குடித்துவிட்டுக் கையை ஊன்றி எழப் பார்த்தார்.

ஷகிலா பாட்டை நிறுத்தவில்லை. இரண்டு வரிகளுக்கு நடுவில், ஊர் முழுக்கக் கேட்கும்படி மைக்கிலேயே சொன்னார்:

"தம்பிக்கு இன்னும் ரெண்டு கரண்டி சோறு வைங்கப்பா... நாலு பாட்டு பாக்கி இருக்கு!"